குறைத்த நிறையைக் காத்தல்

பொருளை ஈட்டுவது ஒரு திறமை. ஈட்டிய பொருளைக் காப்பது அதனினும் அரிய திறமை என்பர் பெரியோர். உடலின் நிறையைப் பொறுத்தவரையிலும் இவ்வுண்மை பொருந்தும். நிறையைக் குறைப்பதற்குச் சில திங்கள் போதும். குறைத்த நிறையைக் காப்பதற்கோ எஞ்சிய வாழ்நாள் முழுவதும் வேண்டும். முன்னதைச் செய்து முடித்தவர் பலர். பின்னதைச் செய்து வருபவர் சிலர். இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கொழும்பிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும் மட்டக்களப்பிலாயினும் காணக்கூடிய ஓர் உத்தியோகத்தரை நினைத்துக்கொள்ளலாம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். மகளின் திருமணத்துக்கு மூன்று திங்கள் இருக்கும்போது, பழைய பட்டுச் சட்டை பொத்தான் பூட்ட மறுக்கிறது. அன்றே சபதம் செய்கிறார். இரவுச் சோறு நின்றுவிடுகிறது. காலையில் வெறுந்தேநீர், நண்பகலில் அவித்த மரக்கறி, விடியற்காலையில் ஓட்டம். திருமண நாளன்று எட்டுக் கிலோ குறைந்திருக்கிறது. கண்டவர் எல்லோரும் பாராட்டுகின்றனர். விருந்து முடிகிறது, சபதமும் அதனோடு முடிகிறது. அடுத்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு வருவதற்குள் போன எட்டுக் கிலோவும் திரும்பிவிடுகின்றன. துணைக்கு இரண்டு கிலோவையும் அழைத்து வருகின்றன. “அவருக்கு மனவுறுதி போதாது” என்கின்றனர் சுற்றத்தார். “என் உடல்வாகு அப்படி” என்கிறார் அவர். இரண்டு தீர்ப்பும் முழு உண்மையல்ல. அவர் மேற்கொண்டது முடிவுநாள் குறிக்கப்பட்ட ஒரு விரதம். விரதம் முடிந்ததும் பழைய வாழ்க்கை திரும்பியது. பழைய வாழ்க்கையோடு பழைய நிறையும் திரும்பியது.

இதற்கு நேர்மாறான ஒருவரின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே கிடைக்கிறது. வில்லியம் பாண்டிங் என்பவர் இலண்டன் நகரத்தவர். பிரபுக்களினதும் அரச குடும்பத்தினரதும் ஈமச் சடங்குகளுக்கு ஒழுங்குகள் செய்யும் தொழிலைக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். உயரம் 5 அடி 5 அங்குலம். 1862ஆம் ஆண்டில், தமது 65ஆம் வயதில், அவருடைய நிறை 202 இறாத்தல். அதாவது ஏறத்தாழ 92 கிலோகிராம். குனிந்து சப்பாத்துக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படியில் முன்னோக்கி இறங்கினால் முழங்கால்கள் தாங்கமாட்டா என்று, மெல்ல மெல்லப் பின்னோக்கி இறங்குவார்.

பாண்டிங் சோம்பேறியல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல வழிகளிலும் முயன்றவர். வைத்தியர் ஒருவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னபோது, விடியற்காலையில் ஆற்றிலே படகு வலித்தார். தசைகள் வலுத்தன, பசியும் வலுத்தது, அப்பசிக்கு இரை கொடுத்தமையால் நிறையும் கூடிற்று. நீராவிக் குளியல், கடற்கரை வாசம், குதிரைச் சவாரி, மருந்து நீரூற்றுகள் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒன்றும் நிலைக்கவில்லை.

இறுதியிலே காது மந்தமாகிறது என்று வில்லியம் ஆர்வே என்னும் காது வைத்தியரிடம் சென்றார். அவ்வைத்தியர் பாரிசு நகரில் குளோட் பேர்னார் என்னும் உடற்றொழிலியல் அறிஞர், ஈரலையும் நீரிழிவையும் பற்றி ஆற்றிய விரிவுரைகளைக் கேட்டுவந்தவர். அவர் காதைப் பார்த்ததோடு வயிற்றையும் பார்த்தார். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கும்படி கூறினார். பாண்டிங் அதற்கு இணங்கினார். ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் கிழமைக்கு ஓர் இறாத்தல் கூட இல்லை. அவசரம் என்பதே அதில் இல்லை.

1863இல் தம் அனுபவத்தை ஒரு சிறு நூலாக எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டுப் பொதுமக்களுக்கு வழங்கினார். அந்நூல் பரவிய வேகத்தில், நிறை குறைக்க உணவு கட்டுப்படுத்துவதற்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் இன்றும் அச்செயலைக் குறிக்கும் சொல் அவருடைய பெயரிலிருந்து பிறந்ததுதான். பாண்டிங் 1878ஆம் ஆண்டு, தமது 81ஆம் வயதில் காலமானார்.

அவருடைய இலையில் என்ன இருந்தது என்பது முக்கியமன்று. இறைச்சியும் திராட்சை மதுவும் நிறைந்த அந்த உணவை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் கைக்கொண்ட முறைதான் கவனிக்கத்தக்கது. முதலாவதாக, அவர் பட்டினி கிடக்கவில்லை. வயிறாற உண்டார், ஆனால் எதை உண்பது என்பதை மாற்றினார். இரண்டாவதாக, மூன்று கிழமைக்கு ஒருமுறை போலத் தம் நிறையை நிறுத்து, நாள் குறித்து எழுதிவைத்தார். மூன்றாவதாக, 46 இறாத்தல் குறைந்த நாளிலே, “போதும், இனிப் பழையபடி” என்று சொல்லவில்லை. அந்த உணவையே தம் அன்றாட உணவாக்கிக்கொண்டார்.

இனி, குறைந்த நிறை ஏன் இத்துணை விரைவாகத் திரும்புகிறது என்பதை ஆராயலாம். இதிலே உடல் ஒரு கட்சி என்பதைப் பலர் அறியார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலமாகிய 1944, 1945ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்னும் ஆய்வாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். போரிலே ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர் அதற்குத் தாமாக முன்வந்தனர். 24 கிழமைகள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே வழங்கப்பட்டது. உடல் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. அவர்களுடைய எண்ணமெல்லாம் உணவிலேயே நிலைத்தது. சமையல் நூல்களைக் கதைப் புத்தகங்கள் போலப் படித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பரிசோதனை முடிந்து விரும்பியபடி உண்ணலாம் என்றானபோது, எவ்வளவு உண்டும் பலருக்குத் திருப்தி உண்டாகவில்லை. பருமனானவர்கள் அல்லர் அவர்கள். நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள். ஆயினும் பட்டினிக்கு உடல் எவ்வாறு விடை கூறும் என்பதை அப்பரிசோதனை காட்டிவிட்டது.

பருமனானவர்களிடத்தும் இதையொத்த நிலை உண்டென்பதை அவுத்திரேலியாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு உணர்த்தியது. ஐம்பது பேர் பத்துக் கிழமை மிகக் குறைந்த உணவு உண்டு நிறையைக் குறைத்தனர். ஓராண்டு சென்ற பின்னும், பசியைத் தூண்டும் ஓமோன்கள் அவர்களிடத்து உயர்ந்தும், வயிறு நிறைந்தது எனத் தெரிவிக்கும் ஓமோன்கள் தாழ்ந்துமே இருந்தன. நிறை குறைந்தவரின் உடல், குறைந்ததை ஒரு நட்டமாகவே கருதி, அதை மீட்க முயல்கிறது. ஆதலின் மீண்டும் பருத்தவரை மனவுறுதியற்றவர் என்று இகழ்வது அறிவுடைமையன்று. ஓராண்டு முழுவதும் பசியோடு மற்போர் புரிந்து வெல்பவர் அரியர். அப்போர் மூளாமலே, உணவையும் உழைப்பையும் சிறிது சிறிதாகத் திருத்தி அமைப்பவரே வெல்வர்.

அண்மைக் காலத்தில் நிறை குறைக்கும் ஊசிமருந்துகள் வந்துள்ளன. வைத்தியரின் மேற்பார்வையில், தக்கவர்களுக்கு அவை பெரும் பயன் தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் செமகுளூரைட்டு என்னும் மருந்தைப் பற்றி 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒன்றைத் தெளிவாக்கிற்று. ஊசியை நிறுத்தி ஓராண்டு கழிவதற்குள், குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்துவிட்டது. விரதத்துக்கு உள்ள குறைதான் மருந்துக்கும் உள்ளது: நிறுத்தினால் பயனும் நின்றுவிடுகிறது. நிறுத்த வேண்டாத ஒன்று உண்டெனில், அது பழக்கமே.

அவ்வாறாயின், குறைத்ததைக் காத்துக்கொண்டவர்கள் யாது செய்கின்றனர்? இதை அறிவதற்காகவே 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. குறைந்தது 30 இறாத்தல் நிறையைக் குறைத்து, அதை ஓராண்டுக்கேனும் காத்தவர்கள் மட்டுமே அதிலே சேரலாம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துள்ளனர். அவர்கள் நிறையைக் குறைத்த வழிகள் பலவாயினும், காத்த வழிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலோர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலை இயக்குகின்றனர். அவ்வியக்கம் மிகப் பலருக்கு வெறும் நடையே. காலை உணவைத் தவிர்ப்பதில்லை. கிழமைக்கு ஒருமுறையேனும் நிறுவையில் ஏறிப் பார்க்கின்றனர். தொலைக்காட்சியின் முன் குறைந்த நேரமே அமர்கின்றனர். கிழமை நாளுக்கு ஓர் உணவு, விடுமுறைக்கு வேறோர் உணவு என்றில்லாமல் ஒரே சீராக உண்கின்றனர். இவற்றுள் வியப்புக்குரியது ஒன்றுமில்லை. நாள்தோறும் செய்யப்படுகிறது என்பதுதான் இவற்றின் வலிமை.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்னும் ஐயம் இயல்பாகவே எழும். இளமையில் எடுத்த புகைப்படத்தை இலக்காக வைத்துக்கொண்டு மனம் சோர்பவர் பலர். அவர்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. அதிலே ஒரு பிரிவினருக்கு வகுக்கப்பட்ட இலக்கு இரண்டே: உடல் நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்தல், கிழமைக்கு 150 நிமிடம் விரைந்து நடப்பது போன்ற உடலியக்கம். இப்பிரிவினரிடையே நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை உட்கொண்ட பிரிவினரிடையே குறைந்தது 31 பங்குதான். 80 கிலோ நிறையுள்ள ஒருவர்க்கு 7 பங்கு என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். அடையமுடியாத இலக்கன்று அது.

இலங்கை மக்களுக்கு இச்செய்தி மிக வேண்டியதாகும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்விலேயே, வளர்ந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் என்பது தெரியவந்தது. அன்றியும் தெற்காசிய மக்களுக்கு, வெளித்தோற்றத்தில் பருமன் தெரியாதபோதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. இதனாலேயே ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்னும் இடுப்பளவைத் தாண்டாதிருத்தல் நன்று என்கின்றனர் மருத்துவ அறிஞர். தராசு இல்லாத வீட்டிலும் தையற்காரரின் அளவுநாடா ஒன்று இருக்கும்.

முன்னைய தலைமுறையினர் இவ்வளவு கணக்குப் பார்க்கவில்லையே என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால், துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவரும், உரலிலே நெற்குற்றியவரும், பத்து மைல் துவிச்சக்கரவண்டி மிதித்துப் பட்டணத்துக்குச் சென்றவரும் உண்ட சோற்றை, இன்று ஆழியை அழுத்தி நீர் இறைப்பவரும் மோட்டார்ச் சைக்கிளில் செல்பவரும் உண்கின்றனர். இலை மாறவில்லை, உழைப்பு மாறிவிட்டது. கழித்தல் நின்று கூட்டல் மட்டும் தொடர்ந்தால் கணக்கு எவ்வாறு சரியாகும்?

ஆதலின் திருத்தத்தை வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும். அதுவும் சிறியதாகத் தொடங்கவேண்டும். தேநீரை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், நாளுக்கு 40 கிராம். ஆண்டுக் கணக்கில் அது 14 கிலோவைத் தாண்டும். அந்த 40 கிராமின் சக்தி 160 கலோரி. அரை மணி நேரத்துக்கும் மேலாக நடந்தால்தான் அது செலவாகும். ஒரே நாளில் சீனியை நிறுத்துபவர் மூன்றாம் நாள் மீண்டும் கரண்டியை எடுப்பார். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, சில கிழமை சென்றபின் ஒன்றாக்கி, பின்னர் அரையாக்குபவருக்கு நாவே பழகிவிடுகிறது. அதன்பின் பழைய இனிப்பு அவருக்குத் திகட்டும்.

அடுத்தது சோறு. சோற்றைப் பகைவனாக எண்ண வேண்டியதில்லை. தட்டின் நடுவே சோற்றைக் குவித்து, ஓரத்தில் கறிகளைத் தொட்டுக்கொள்வது இந்நாட்டு வழக்கம். அதைத் திருப்பி, தட்டில் பாதியை வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, பயற்றங்காய் போன்ற இலைவகைக்கும் மரக்கறிக்கும் ஒதுக்கலாம். காற்பங்கு மீனோ பருப்போ கடலையோ ஆகலாம். எஞ்சிய காற்பங்கு சோறு. வயிறு நிறையும், சக்தி குறையும். குரக்கன் பிட்டு உடலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, அதை இரட்டிப்பாக உண்பவரும் உளர். குரக்கனில் நார்ப்பொருள் மிகுதி என்பது மெய். ஆயினும் எடைக்கு எடை அதன் சக்தி அரிசியினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. நல்ல உணவுக்கும் அளவு உண்டு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் முறையையுமே பேசுகின்றன என்பது எண்ணத்தக்கது.

கடைகளில் வாங்கும் குளிர்பானங்களைப் பொறுத்தவரையில், 2016ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையில் நிறக்குறி முறை நடைமுறைக்கு வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமிலிருந்து 11 கிராம் வரை செம்மஞ்சள். அதற்குக் குறைந்தால் பச்சை. எழுத்தறியாச் சிறுவனும் நிறம் அறிவான். பெற்றோர் அதைப் பார்த்து வாங்கப் பழகினால், பிள்ளையும் பார்த்து வாங்கப் பழகுவான்.

இப்பழக்கங்கள் வேரூன்ற எத்தனை நாள் செல்லும்? நாற்பத்தெட்டு நாள் கொண்ட ஒரு மண்டலம் என்பது நம்மவர் மரபு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக்கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு புதிய செயல் தானாகவே நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் செல்லும் என்று கண்டது. எளிய செயல் 18 நாளில் படிந்தது. சிலருக்குச் சில செயல்கள் படிய 254 நாள் வரை வேண்டியிருக்கும் எனக் கணக்கிடப்பட்டது. அதனினும் பயனுள்ள உண்மை ஒன்றையும் அவ்வாய்வு தந்தது. இடையிலே ஒருநாள் தவறினால் முயற்சி முழுவதும் பாழாகிவிடுவதில்லை. தவறிய மறுநாள் தொடர்ந்தால் பழக்கம் வளர்ந்துகொண்டே செல்கிறது.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். கோயில் திருவிழாவில் மோதகம் இரண்டு உண்டுவிட்டால், “எல்லாம் கெட்டது” என்று கைவிடுகின்றனர். ஒருநாள் விருந்து எவரையும் பருமனாக்கிவிடாது. அதன் பின்வரும் முந்நூறு நாட் கவலையீனமே பருமனாக்கும். விருந்தை மகிழ்ந்து உண்டு, மறுநாட் காலை வழக்கம்போல் நடக்கச் செல்பவரே குறைத்ததைக் காப்பவர்.

புதிய பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு முடிந்துவிடுவது நல்ல உபாயம். மாலைத் தேநீர் அருந்தியதும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒழுங்கை முனைவரை நடத்தல். பஸ் வண்டியிலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்குதல். வெள்ளிக்கிழமை காலை முழுகியதும் நிறுவையில் ஏறுதல் என்பன போன்றவை அவை. நினைவூட்டுவதற்கு வேறு ஆள் வேண்டியதில்லை. பழைய செயலே புதிய செயலை அழைக்கும்.

இன்னுமொன்று. குடும்பத்தில் ஒருவர் மட்டும் தனிச் சமையல் உண்டு நெடுநாள் நிலைத்தல் அரிது. குடும்பத் தலைவருக்குத் தனிக்கறி சமைத்துவிட்டு, மிஞ்சியதை வீணாக்க மனமின்றித் தாமே உண்டு தீர்க்கும் தாய்மார் பலர். அவர்களுடைய உடலைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. மாற்றம் அடுப்படியில் நிகழுமாயின், ஒரே பானையில் அனைவருக்கும் நன்மை விளையும். கணவன் மாலையில் நடக்கச் செல்லும்போது மனைவியும் உடன் செல்வதற்கு, இரவுச் சமையலில் பிள்ளைகள் சிறிது கைகொடுத்தால் போதும்.

நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் மருந்து உட்கொள்பவர்கள், உணவை மாற்றுமுன் வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும். கருவுற்ற தாய்மார் நிறை குறைக்க முயலலாகாது. எவ்வித முயற்சியுமின்றி நிறை குறையுமாயின், அதை நற்பேறாக எண்ணாமல் உடனே வைத்தியரை நாடவேண்டும்.

முதலிற் கண்ட உத்தியோகத்தருக்கு மற்றொரு மகளும் இருப்பாளாயின், அடுத்த திருமணத்துக்காக அவர் மறுபடியும் சபதம் செய்யவேண்டியதில்லை. இரண்டு கரண்டிச் சீனியை ஒன்றரையாக்கட்டும். மாலையில் அரை மணி நேரம் நடக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதட்டும். மூன்று திங்களில் எட்டுக் கிலோ குறையாது. இரண்டோ மூன்றோ குறையலாம். பாராட்டுபவர் எவரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அடுத்த சித்திரைக்கும், அதற்கடுத்த சித்திரைக்கும் அந்தப் பட்டுச் சட்டையின் பொத்தான் தடையின்றிப் பூட்டும். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது மூச்சு வாங்காது. அந்நலனுக்கு விலை நாள்தோறும் சிறிது கவனம். அவ்விலையைத் தவணை முறையிலே செலுத்தலாம். ஆனால் தவணை நின்றுவிடலாகாது.